பங்காளியா, மாமன் மச்சானா?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பூலாம்பாடியிலிருந்து செல்வராஜ் போன் செய்தார். "அப்பா தவறிட்டாருங்க. நீங்க கண்டிப்பா வரணும்."

யார் இந்த செல்வராஜ்? இரண்டு மாதம் முன்புவரை எனக்கும் தெரியாது. பெங்களூரில் இருக்கும் என் மகன், பிறந்தநாள் பரிசாக ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் கிட் அனுப்பினான். எச்சிலைத் துப்பி அனுப்பி வைத்தேன். 'உங்கள் தூரத்து கஸின்' என்று ரிப்போர்ட்டில் வந்தவர்தான் செல்வராஜ். அவருடைய அப்பா சின்ன வயதில் தனியாக அந்த ஊருக்கு வந்தவர். சொந்தபந்தம் யாரென்றே தெரியாது. அதைத் தேடித்தான் செல்வராஜும் துப்பியிருக்கிறார்.

கஸின்... சரி. பங்காளியா, மாமன் மச்சானா?

சாதாரணக் கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை அரியலூரில் எங்கள் புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். மாமன் மச்சான் என்றால் துக்கத்துக்குப் போய்வந்து தலைமுழுகினால் போதும். பங்காளி என்றால் பதினாறு நாள் தீட்டு – எல்லாம் தள்ளிப்போகும்.

"அவங்க என்ன ஆளுங்க?" என்றாள் மனைவி.

"ரிப்போர்ட்ல அது வரலை."

"அப்ப என்னத்தத்தான் எழுதியிருக்கான்?"

டெஸ்ட் கம்பெனிக்கு போன் போட்டேன். "ஆண்வழியா பெண்வழியான்னு சொல்ல முடியாது சார். கஸின்னா கஸின்தான்" என்றது ஒரு பெண் குரல். அவருக்கென்ன, அவர் வீட்டிலா கிரகப்பிரவேசம்?

குழப்பத்தோடு போய்க் கூட்டத்தின் ஓரமாக நின்றேன். மாலையைப் போட்டுவிட்டு நைஸாக நழுவிவிடும் எண்ணம்தான், ஒளிப்பானேன்? அப்போது யாரோ குரல் கொடுத்தார்கள்: "தண்ணி எடுக்கப் பங்காளிங்கல்லாம் வாங்கப்பா!"

ஒருவரும் நகரவில்லை. செல்வராஜ் தனியாகக் குடத்தை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். கூப்பிடவில்லை... பார்த்தார், அவ்வளவுதான். செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு குடத்தை எடுத்தேன்.

வீடு திரும்பியபோது வாசலில் மனைவி வாளித் தண்ணீரோடு நின்றாள். "தலைக்கு ஊத்திக்கிட்டா முடிஞ்சிடுமா, பதினாறு நாளா? ஒண்ணு சொல்லுங்க."

"குடம் எடுத்துட்டேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பந்தல்காரருக்கு போன் போட்டு, வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொன்னாள்.

கிரகப்பிரவேசம் அடுத்த மாதம். செல்வராஜ் எந்த வகையில் உறவு என்று எனக்கு இன்னமும் விளங்கவில்லை. பத்திரிகையில் பங்காளிகள் வரிசையில் அவர் பெயரைப் போட்டுவிட்டேன்.

தப்பென்று தெரிந்தால்... மாமன் சீரோடு வந்து நிற்கட்டும், வேண்டாம் என்றா சொல்லப்போகிறேன்?