பூவக்கா புதைத்த பச்சைக் கட்டி

சனிக்கிழமை மத்தியானம் நான் ஆராதனைக் கூடத்தைப் பெருக்கி முடிக்கிற நேரத்தில்தான் பூவக்கா வருவார். வாளியைக் கையில் பிடிக்க மாட்டார். முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து நடந்து வருவார். அது அவருடைய பழக்கம் என்றுதான் சபையில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். நான் வாரா வாரம் பக்கத்தில் இருந்து பார்த்ததால் எனக்கு மட்டும் காரணம் தெரியும். அவருடைய விரல்கள் மடங்காது.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் தையல் கடையில் காஜா எடுத்தவர். சட்டைக்குப் பொத்தான் துளை போடுவது, பொத்தான் கட்டுவது, ஓரம் மடித்துத் தைப்பது என்று எல்லாமே ஊசி வேலை. நாள் போகப் போக விரல் முட்டுகள் இஞ்சிக் கிழங்கு மாதிரிப் புடைத்துவிட்டன. கடையில் அதைச் சொல்லாமல், "கண்ணு சரியாத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு வேலையை விட்டார். ஊசி போனபின் அந்தக் கைகளுக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலைதான். ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்குப் பூ வைப்பது.

அதற்கும் ஒரு துணை இருந்தது. பூக்கடையில் பச்சை நிறத்தில் செங்கல் போல ஒரு ஸ்பாஞ்ச் கிடைக்கும். தண்ணீரில் போட்டால் குடித்துவிட்டு அடியில் போய் உட்காரும். அதைக் கிண்ணத்தில் வைத்து, பூக்காம்பை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து லேசாக அழுத்தினால் போதும், பூ நின்றுவிடும். கட்ட வேண்டாம், முறுக்க வேண்டாம். அக்கா ஒவ்வொரு காம்பாக அழுத்திவிட்டு, நாலடி பின்னால் வந்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். சட்டையில் பொத்தான் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற அதே பார்வை.

ஒரு கோடையில் எங்கள் பாடகர் குழுவின் மூத்தவர் அங்கியோடு அப்படியே மயங்கி விழுந்தார். மின்சாரம் போய், ஏசி நின்று, ஜன்னல்களோ திறக்க முடியாதபடி அடைத்துக் கிடந்த நாள் அது. அந்த வருடம் வெயில் யாரும் பார்க்காத வெயில். அதற்குப் பிறகுதான் பல் டாக்டரம்மா ஒரு குழு சேர்த்தார். படைப்பைப் பேணும் குழு என்று பெயர் வைத்தார்கள். சபையில் அது பச்சைக் குழு ஆகிவிட்டது. முதலில் ஜன்னல்களைத் திறந்தார்கள். கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். தேநீருக்குக் காகித டம்ளர் போய் எவர்சில்வர் டம்ளர் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு முணுமுணுப்பு இருந்தது, பிறகு பழகியது. கடைசியில் பூவுக்கு வந்தார்கள்.

ஆராதனை முடிந்து எல்லோரும் தேநீரோடு நின்றபோது டாக்டரம்மாதான் ஆரம்பித்தார்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பச்சை ஸ்பாஞ்ச் இருக்கில்ல, அதுவும் ஒரு பிளாஸ்டிக்தான். மண்ணுல போட்டா மக்காது."

"யார் சொன்னா? தொட்டாலே மாவா உதிருது. அதுவா மக்காது?"

"உதிரும்க்கா. ஆனா மக்காது."

"அதெப்படி? பழைய சுவரே உதிர்ந்து மண்ணாத்தானே போகுது?"

பக்கத்தில் இருந்த சபை மூப்பர் வாயைத் துடைத்துக்கொண்டு நடுவில் நுழைந்தார். "விட்டா பல்லுகூட மக்காதும்பாங்க டாக்டரம்மா."

"மக்காதுதான் மூப்பரே. சொத்தையாகும். நீங்க வந்து ஒரு வருஷமாச்சு."

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா மறுபடி அக்காவிடம் திரும்பினார். "பூ வேண்டாம்னு யாரும் சொல்லலக்கா. அடியில கூழாங்கல் போட்டு, கம்பி வலையை முறுக்கி, காம்பைக் கட்டி நிறுத்தலாமே."

முறுக்கி, கட்டி என்ற வார்த்தைகள் வந்ததும் அக்காவின் இரண்டு கைகளும் தோள் பைக்குள் போய்விட்டன. முகம் மட்டும் கோபமாக வெளியே நின்றது.

"ஒண்ணு பண்றேன். ஒரு கட்டியை மண்ணுல புதைக்கிறேன். மழைக்காலம் முடிஞ்சு தோண்டிப் பாக்கறேன். இருந்துச்சுன்னா அதை நான் தொடவே மாட்டேன். இல்லாமப் போயிருந்தா, நீங்க யாரும் என் பூ பக்கம் வரக் கூடாது."

"சரிக்கா."

"தோண்டறப்ப வந்து நிப்பீங்களா?"

"எதுக்கு? நீங்க சொன்னா போதாதா?"

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனைதான். ஸ்பாஞ்ச் போனால் அக்காவின் பீடமும் போய்விடும். அவர் அதை வாய் திறந்து யாரிடமும் சொல்லப் போவதில்லை. எனக்கும் நாலு பேர் முன்னால் பேச வராது.

கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நான்தான் குழி தோண்டினேன். அக்கா கட்டியை வைத்துவிட்டு யோசித்தார். "இது ஒண்ணை மட்டும் புதைச்சா எதோட ஒத்துப் பாக்கறது?" என்று கூடத்துக்குள் போய், ஒரு பழத்தோல், மிஞ்சிக் கிடந்த காகித டம்ளர், கல்யாணப் பூச்செண்டின் ரிப்பன், எரிந்து முடிந்த மெழுகுவர்த்தித் துண்டு எல்லாம் எடுத்து வந்தார். எல்லாவற்றையும் வரிசையாகப் படுக்க வைத்து மூடி, மேலே உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் குத்தி வைத்தோம்.

மழை வரவில்லை. வர வேண்டிய மாதம் போயும் வரவில்லை. "ஈரமே இல்லாம எப்படி மக்கும்? இது நியாயமில்லையே" என்று அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் பூ வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். அவரை அழைத்துப் போக வரும் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வண்டியை நிறுத்தியதும் முதல் கேள்வி அதுதான்.

"என்னம்மா, முளைச்சிருச்சா?"

"முளைச்சா உங்களுக்குத்தான் முதல் காய்."

ஆரம்பத்தில் அக்காவுக்கு இருந்தது வீம்புதான். போகப் போக அது வேறொன்றாக மாறியதை நான் கவனித்தேன். பூ வைத்துக்கொண்டே இருப்பார், திடீரென்று, "இப்ப உள்ள என்ன நடந்துக்கிட்டிருக்கும்?" என்பார். "ரிப்பன் சாயம் போயிருக்குமா? எறும்பு மெழுகைத் தின்னுமா?" எனக்கு என்ன தெரியும்? நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனால் அவர் கேட்கக் கேட்க எனக்கும் ராத்திரி படுத்தால் அந்தக் குழிதான் ஞாபகம் வந்தது.

கடைசியில் மழை வந்தது. வராமல் வந்த மழை, மொத்தமாகக் கொட்டியது. கூடத்தின் படிவரை தண்ணீர் ஏறி இறங்கியது. எல்லாம் ஓய்ந்து, வெயில் திரும்பி வந்த ஒரு சனிக்கிழமை அக்கா சொன்னார், "எடும்மா மண்வெட்டியை."

பழத்தோல் இருந்த இடமே தெரியவில்லை. காகித டம்ளரில் காகிதம் போய்விட்டது; உள்ளே ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டும் பாம்புச் சட்டை போல டம்ளர் வடிவத்திலேயே கிடந்தது. அக்காவின் வீட்டுக்காரர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "டம்ளரோட ஆவி" என்றார். ரிப்பனும் மெழுகும் மண்ணைத் துடைத்தால் புதுசு. அதற்கடுத்து ஸ்பாஞ்ச். வைத்தது வைத்தபடி, நாலு மூலையோடு இருந்தது.

அக்கா அதை இரண்டு உள்ளங்கைகளாலும் எடுத்து அழுத்தினார். சட்டென்று நொறுங்கி, பச்சை மாவாகக் கைவழியே மண்ணில் கொட்டியது.

"பாத்தியா, மண்ணாப் போச்சு," என்றார் வீட்டுக்காரர். "ஜெயிச்சுட்டே. வா, போலாம்."

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. கட்டி என்று ஒன்று இப்போது இல்லை. டாக்டரம்மா வந்து பார்க்கப் போவதும் இல்லை. அக்கா ஒரு வார்த்தை சொன்னால் சபையே நம்பும்.

அக்கா எழுந்திருக்கவில்லை. "உள்ள போய் ஒரு கண்ணாடி டம்ளர்ல தண்ணி கொண்டாம்மா."

கொண்டு வந்தேன். அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, குச்சியால் கலக்கி, தொட்டித் திட்டில் வைத்தார். மூவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கலங்கல் மெல்லத் தெளிந்தது. மண் அடியில் போய்ப் படிந்தது. பச்சைத் தூள் படியவில்லை. கொஞ்சம் மேலேயும் கொஞ்சம் நடுவிலுமாக, பச்சை பச்சையாகவே சுற்றிக்கொண்டிருந்தது.

"மண்ணோட சேரல பாருங்க," என்றார் அக்கா. தோற்ற குரல் மாதிரியே இல்லை; ஏதோ கண்டுபிடித்த குரல். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பினார். தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பருத்திச் செடி. வருடக்கணக்காகக் கிண்ணம் கழுவிய தண்ணீரை அதன் அடியில்தான் ஊற்றி வந்தார். போய் உட்கார்ந்து விரலால் கீறினார். மண்ணுக்குள்ளே பச்சைப் புள்ளிகள்.

"சொல்லாம விட்டா யாருக்கும்மா தெரியப் போகுது?" வீட்டுக்காரர் இப்போது கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கும் அந்த விரல்கள் தெரியுமே.

"எனக்குத் தெரிஞ்சு போச்சே," என்றார் அக்கா.

மறுநாள் பீடத்தில் பூ இல்லை. பூ வைக்கும் இடத்தில் அந்தக் கண்ணாடி டம்ளர் இருந்தது. ஜெபத்தில் கண்ணை மூடிய பாதிப்பேர் ஒரு கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் அக்கா எழுந்து, "டாக்டரம்மா சொன்னதுதான் சரி. நான் தோத்துட்டேன். இனிமே பூவுக்கு வேற ஆள் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தோத்தது ஸ்பாஞ்ச்தானே அக்கா? நீங்க ஏன் போகணும்?" என்று டாக்டரம்மா ஓடி வந்தார். கோபம் என்று நினைத்திருப்பார். அக்கா டம்ளரை எடுத்து நீட்டினார், சின்னப் பிள்ளை பால் டம்ளரைப் பிடிப்பது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில். நாள் முழுக்க வாய்களையே பார்க்கிறவர் அன்றைக்குத்தான் அந்தக் கைகளைப் பார்த்தார். டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டரம்மாவே பூ வைத்தார். கூழாங்கல், கம்பி வலை, எல்லாம் சொன்னபடி. சபை முழுக்க மௌன ஜெபத்தில் இருந்தபோது அது மெல்லச் சாய்ந்து, கிண்ணம் உருண்டு, தண்ணீர் படி இறங்கி முழங்காலிட்டிருந்த மூப்பரைத் தேடிப் போனது. யாரோ அவசரமாக "ஆமென்" என்றார்கள். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அன்று சிதறிய பூக்குப்பையில் பாதி சனிக்கிழமை வரை பீடத்தின் மூலையில் ஒட்டிக் கிடந்தது. நான் பெருக்கிக்கொண்டிருந்தேன். வேலை இல்லாவிட்டாலும் அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பெருக்கி முடித்து, குச்சித் துடைப்பத்தைத் தலைகீழாக வாளிக்குள் நிறுத்தினேன். வாடிய பூ ஒன்று காம்போடு குச்சிகளுக்குள் சிக்கியிருந்தது. உருவப் போனேன்.

"எடுக்காதே, இரு."

அக்கா வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். தானே உருவினார். மேலிருந்து சும்மா உள்ளே விட்டார். காம்பு குச்சிகளுக்கு நடுவில் இறங்கி நின்றது. இன்னொரு காம்பைச் சாய்த்து விட்டார், சாய்ந்தபடியே நின்றது. அழுத்தவே இல்லை.

"குச்சியே பிடிச்சுக்குது பாரு," என்றார்.

"அக்கா, இது துடைப்பம்."

"தெரியுது."

"பீடத்துல..."

"புதுசு வாங்கினாப் போச்சு."

வீட்டுக்காரர் புதுத் துடைப்பத்தைப் பாதியாக அறுத்துக் கொடுத்தார். கனமான மண்பானைக்குள் அதை நெருக்கமாக நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, அக்கா இரண்டு உள்ளங்கையாலும் ஒவ்வொரு பூவாக உள்ளே விட்டார். அந்த ஞாயிறு கடைசிப் பாட்டுவரை ஒரு பூகூட அசையவில்லை. டாக்டரம்மாவுக்கு வாயெல்லாம் பல். மூப்பர்தான் முதலில் வந்து பாராட்டினார்.

"பிரமாதம்மா. உள்ள கம்பியா வச்சிருக்கீங்க?"

அக்காவுக்குப் பொய் வராது. "துடைப்பம்ண்ணே."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"துடைப்பமா? பீடத்துலயா?"

"புதுசுண்ணே. இன்னும் ஒரு தூசியைக்கூடப் பாக்கல."

பெண்கள் பக்கமிருந்து "என்ன இருந்தாலும் துடைப்பம்..." என்று ஒரு குரல் இழுத்தது. அக்காவின் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல அதை என் முதுகுலதான் வைப்பேன்னு சொல்லிக்கிட்டிருந்தா. பீடத்துல வச்சது எனக்கு நல்லதுதான்."

மூப்பர் சிரிக்கவில்லை. "தெரியாத வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு," என்றார்.

"இப்ப நல்லா இல்லையாண்ணே?"

அக்கா வாதத்துக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் மூப்பரும் நிஜமாகவே திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. பூவைப் பார்த்தார். பானைக்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "ஆனா பழசை வச்சுடாதீங்க."

அந்தத் துடைப்பம் சில வாரங்களில் தண்ணீரில் ஊறி நாற ஆரம்பித்தது. அதை எங்கே கொண்டுபோனோம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டுத் துண்டு. பிறகு தோண்டியபோது குச்சியெல்லாம் கறுத்து, தொட்டால் பிய்ந்து வந்தது. கட்டியிருந்த நீலக் கயிறு மட்டும் முடிச்சுகூட அவிழாமல் இருந்தது. அக்கா அதைக் குச்சியில் தூக்கிப் பார்த்து, "அட நீ வேறயா!" என்றார். இப்போது கயிற்றுக்குப் பதில் நாரால் கட்டிய துடைப்பத்துக்கு அவர் கடை கடையாக அலைகிறார்.

போன சனிக்கிழமை டாக்டரம்மா வந்தார். நோயாளிகளுக்குக் கொடுக்கிற புது மூங்கில் பிரஷ் ஒன்று கையில் இருந்தது. அட்டையில் 'மண்ணில் மக்கும்' என்று பெரிய எழுத்து.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிடி மக்கும். சரி. இந்த முடி?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதான் அக்கா கொண்டாந்தேன்."

"இதை எழுதினவங்க தோண்டிப் பாத்தாங்களாமா?"

"தெரியலையேக்கா."

நான் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தேன். அக்கா பூ வாளியை முழங்கையிலிருந்து இறக்காமலே எங்களுக்கு முன்னால் பின்வாசலுக்கு நடந்தார்.

"சீக்கிரம் வாங்க. பூ வாடறதுக்குள்ள புதைச்சுட்டு வந்துரலாம்."