இடப்பக்கக் கதவு

லூர்துராஜுக்குத் தன் கைமேல் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கக் கூடாதா என்ன? ஒரகடத்தில் சின்ன லோடு வண்டிகளுக்கு ஃப்ரேம் செய்யும் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக வெல்டர். அவர் போட்ட வெல்டிங் விட்டுப்போச்சு என்று ஒரு ஃப்ரேம் திரும்பி வந்ததில்லை. இதை அவரே பத்துப் பேரிடம் சொல்லுவார். அவர் மனைவி அந்தோணிமேரி பக்கத்தில் இருந்தால், "ஆமா, எங்க வூட்டு கேட்டு மட்டும் மூணு வருசமா ஒத்தக் கீல்ல தொங்கினு கீது" என்று சேர்த்துக்கொள்வாள்.

மேரிக்கு மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கு சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாரக்கணக்குக்கு வந்துவிட்டார்கள். ஒரே பெண் எவாஞ்சலினுக்கு ஜனவரியில் வைத்திருந்த கல்யாணத்தை அவசர அவசரமாக ஆகஸ்டுக்கு இழுத்தார்கள். மாப்பிள்ளை ஃபிரடிக்குத் திருவள்ளூர் பக்கம். கல்யாணமும் அந்த ஊர்க் கோயிலில்தான். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், மேரிக்கு அதைத் தவிர வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

"ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சி இட்டுகினு போறேன் மேரி" என்றார் லூர்துராஜ்.

"படுத்துகினு போறது ஒரு தபாதான். அதுக்கு இன்னும் நாள் கீது" என்றாள் மேரி. "எங்கப்பா வண்டில, முன் சீட்ல உக்காந்துகினுதான் வருவேன்."

அவளுடைய அப்பா ராஜாமணி ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். அவர் விட்டுப்போனது அந்தக் காலத்தில் மெட்ராஸிலேயே செய்த, நீளமான இரண்டே கதவு வைத்த கார். மேரி அதில் ஓட்டப் பழகினாள். கல்யாணமான புதிதில் லூர்துராஜுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். "கிளட்ச மிதின்னா இவரு கண்ண மூடுவாரு" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பாள். அந்தப் பழைய சீட்டு மட்டும்தான் அவள் முதுகுக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் வண்டிக்கு அடியில் ஐம்பது வருஷத்துத் துரு. ஃப்ரேம் நடுவில் தளர்ந்துபோய், பள்ளத்தில் இறங்கினால் முன்பாதி ஒரு பக்கம், பின்பாதி ஒரு பக்கம் என்று முறுக்கிக்கொள்ளும். வீடு இருந்த வல்லம் வடகாலில் ஏறி ஒரகடம் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் மேரி உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதுவிடுவாள்.

"ஃப்ரேம இறுக்கிட்டா ஆட்டம் நின்னுடும். அது என் வேல" என்றார் லூர்துராஜ்.

பத்து நாள் லீவு போட்டார். ஐந்து மில்லி கனத்தில் இரும்புச் சேனல் வாங்கிவந்து, ஃப்ரேமின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் வைத்துப் பிடித்தார். நடுவில் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறி மாதிரி இரண்டு தாங்கு கொடுத்தார். வெல்டிங் ஒவ்வொன்றும் பூரான் போன மாதிரி வரிசையாக இருந்தது. குறை சொல்ல முடியாத வேலை.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, சறுக்கியது இங்கேதான். கம்பெனி லைனில் லூர்துராஜ் நிற்பது ஐந்தாம் ஸ்டேஷன். தாங்கு இரும்பின் நடுப்பகுதியைப் பிடிப்பது மட்டும்தான் அவர் வேலை. முனைகளை முடிப்பது ஆறாம் ஸ்டேஷனில் தணிகாசலம். நாலு எட்டு வைத்தால் போய்விடலாம். பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை. தன் பங்கை முடித்துத் தள்ளிவிட்டால் அடுத்த ஃப்ரேம் வந்து நிற்கும். எங்கே பார்ப்பது? அதனால் இந்தக் காரில் சேனலின் முனையைச் சதுரமாக வெட்டி, குறுக்கே ஒரு கோடு வெல்டிங் போட்டு முடித்துவிட்டார். கனத்த இரும்பு எங்கே முடிகிறதோ, அங்கேதான் மொத்த பாரமும் வந்து மெல்லிய தகட்டைக் கிழிக்கும். முனையைச் சாய்த்து வெட்டணும், குறுக்கே வெல்டிங் போடவே கூடாது என்று தணிகாசலம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் சொல்லியிருப்பான். வெல்டிங் விஷயத்தில் லூர்துராஜ் போய் இன்னொருத்தனைக் கேட்பதா?

சீட்டின்மேல் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்து வல்லக்கோட்டை வரை போய்வந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "அப்ப சொம்பையே கல்யாணத்துக்கு இட்டுகினு போங்க" என்றாள் மேரி. அன்றைக்கு வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மேரி நீலப் பட்டு கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும், "இன்னாங்க, வலியே தெரியல. ரயில்ல போற மாரி கீது" என்றாள். லூர்துராஜுக்குக் கண் நிறைந்து ரோடு மங்கியது. பத்தொன்பது வருஷத்து வேலைக்கு அவருக்குக் கிடைத்த ஒரே மெடல் அது.

கோயிலுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது ஒரு வேகத்தடை. அடியில் 'டக்' என்றது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தி, சுற்றிவந்து இடப்பக்கக் கதவை இழுத்தார். திறக்கவில்லை.

குனிந்து பார்த்தார். வெல்டிங் அப்படியே இருந்தது. அது முடிந்த இடத்தில், பழைய தகடு விரல் நுழையும் அளவுக்குக் கிழிந்திருந்தது. வண்டி நடுவில் உட்கார்ந்து கதவைக் கவ்விக்கொண்டுவிட்டது. ஜாக்கி வைத்து நடுவைத் தூக்கினார். துருப்பிடித்த தகடு நொறுங்கி வண்டி ஒரு அங்குலம் இறங்க, மேரி போட்ட அலறலில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் ஓடிவந்தார்கள். டிரைவர் பக்கமாக இழுக்கலாமென்றால், கியரைத் தாண்டி உடம்பை முறுக்க வேண்டும். முதுகு திரும்பவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. அடுத்த கல்யாணம் பதினோரு மணிக்கு. ஃபாதர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

முன்னாலேயே வேறு வண்டியில் வந்து கோயிலுக்குள் இருந்த எவாஞ்சலின் வெள்ளைப் புடவையோடு வெளியே ஓடிவந்தாள். "நான் இங்கியே நிக்கறேம்மா. எனக்கு ஒண்ணும் வோணாம்."

"அடிச்சிடுவேன். உள்ள போ" என்றாள் மேரி. பிறகு கணவரைப் பார்த்து, "நீங்களும் போங்க. பொண்ணு தனியா நிக்கக் கூடாது" என்றாள்.

யாரோ வீடியோ கால் போட்டு ஃபோனை நீட்டினார்கள். அதை ஒதுக்கிவிட்டாள். ஃபோனில் பார்க்கவா நாற்பது கிலோமீட்டர் வந்தாள்? கண்ணாடியை இறக்கிவிட்டு, ஸ்பீக்கரில் வந்த பூசையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பூசை முடிந்து ஜோடி நேராகக் காருக்கு வந்தது. இரண்டு பேரும் குனிய, ஜன்னல் வழியே நெற்றியில் சிலுவை போட்டாள். அதன்பிறகு கதவின் கீல் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அவளை வெளியே எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

வீட்டுக்கு ஆம்புலன்ஸில்தான் போனாள், படுத்துக்கொண்டு. லூர்துராஜ் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தார்.

"தாலி கட்றப்ப புள்ள அழுதுச்சா?" என்று கேட்டாள்.

"அழல. சிரிச்சிகினே இருந்துச்சி."

அதன்பின் அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஃபோனில் கல்யாணப் படத்தைக் காட்ட வந்தார்கள். ஒன்றையும் அவள் பார்க்கவில்லை. "வோணாம். அவரு கண்ணால பாத்துட்டாரு. எனக்கு அது போதும்" என்றாள். எல்லோரிடமும் இதையேதான் சொன்னாள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

கல்யாண வீடியோ அதற்கப்புறம்தான் வந்தது. எவாஞ்சலின் அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டிவியில் போட்டாள். ஃபிரடி தாலியை எடுத்தான். எவாஞ்சலின் தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், முதல் வரிசையில் லூர்துராஜ். தாலி ஏறி, மூன்று முடிச்சும் விழுந்து, கூட்டம் கைதட்டி முடிக்கிறவரை அவர் முகம் கேமரா பக்கம் வரவே இல்லை. மொத்தமாகத் திரும்பி, கோயில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எவாஞ்சலின் ரிமோட்டை அமுக்கி நிறுத்தினாள்.

"அப்பா, நீ கூட பாக்கலியா?"

"இல்லம்மா" என்றார்.