பதினாலுக்குப் பதினாலு

என் சித்தப்பா டிவியில் செய்தி வாசித்தவர் என்று சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. எந்த சேனல் என்று கேட்டு மடக்குகிறார்கள். சேனலுக்குப் பெயரெல்லாம் கிடையாது. குரோம்பேட்டையில் தண்டவாளத்துக்கு மேற்கே எங்கள் ஏரியாவுக்குக் கேபிள் கொடுத்த அண்ணன், தன் மொட்டைமாடி அறையில் கல்யாண வீடியோ எடுக்கிற கேமரா ஒன்றை நிறுத்திவைத்து, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குக் கால் மணி நேரம் நடத்திய செய்தி அது. வேலைக்கு எழுதிப்போட்டு அலுத்துப்போய், டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பாவை அவர் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், சித்தப்பாவிடம் ஒரு கோட்டு இருந்ததுதான்.

மேலே கோட்டு, கீழே லுங்கி. முகத்தில் என் பவுடர். நாளைக்குத் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், எந்தத் தெருவில் கரண்ட் இருக்காது, யார் வீட்டு நாய் காணாமல் போயிற்று, இவைதான் செய்தி. ஆனால் அதற்கே கடைத்தெருவில் அவரை "நியூஸ் சார்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதுவரை அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் அம்மாகூட இரண்டாவது காபிக்கு முகம் சுளிப்பதை விட்டிருந்தாள்.

இந்த மரியாதைக்குத்தான் ஆபத்து வந்தது. ஒருநாள் கேபிள் அண்ணன் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே சொன்னார். "சார், கோச்சிக்காத. நீ படிக்கிறத எவனும் பாக்கல. அந்த டைம்ல பாட்டு போட்டா ஏரியாவே பாக்கும். இந்த மாசம் பாக்கறேன், அப்பால தூக்கிடுவேன்."

சித்தப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. எவனும் பார்க்கவில்லை என்று கேபிள் அண்ணனுக்கு எப்படித் தெரியும், போய் எண்ணினாரா? நான் எண்ணுகிறேன் என்று கிளம்பினேன். எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

எண்ணுவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. எங்கள் தெருவில் கேபிள் இருந்தது பதினாலு வீடுகளில். எல்லா வீட்டிலும் டிவி முன் ஹாலில்தான், புழுக்கத்துக்கு ஜன்னலும் திறந்துதான் இருக்கும். அடிபம்பிலிருந்து பிள்ளையார் கோவில் வரை ஒரு நடை, திரும்ப ஒரு நடை. எந்த ஜன்னலில் சித்தப்பா குரல் கேட்கிறதோ அந்த வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை பாவாடை முடிச்சில் போகும். முடிந்ததும் மொட்டைமாடிக்கு ஓடிக் கொட்டைகளை மேசையில் கொட்டுவேன்.

முதல் நாள் இரண்டே கொட்டை. ஒன்று எங்கள் வீடு. இன்னொன்று பச்சை கேட் வீடு. அந்த வீட்டு அங்கிளுக்குக் கிண்டி எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. அவர் மகள் வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள். "எங்க டிவில ரிமோட் இல்லல்ல, எழுந்து போயி திருகணும். யாரு போறதுன்னு சண்ட வரும். அதான் உங்க சித்தப்பாவையே பாத்துட்டு இருப்போம்" என்று அவளே சொன்னாள். நான் இந்தக் காரணத்தைச் சித்தப்பாவிடம் சொல்லவில்லை. பச்சை கேட் வீட்டில் ஒருநாள் விடாமல் உங்களைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் எப்படி மலர்ந்தது!

அப்புறம் வந்தது லாரி விவகாரம். நாலு நாளாகத் தண்ணீர் லாரி வரவில்லை. சித்தப்பாவே இரண்டு நாளாகக் குளிக்கவில்லை. ஐந்தாவது நாள், "லாரி நாளைக் காலை" என்று பாதி வாசித்தவர் தாளைத் தூக்கி எறிந்தார். "இதே சேர்ல உக்காந்து நாலு நாளா பொய் சொல்லிட்டு இருக்கேன். கொஞ்சமாவது வெக்கம் வேணாமா? பொம்பளைங்க குடத்த வெச்சுக்கிட்டு ரோட்ல நிக்கறாங்க. என்னால படிக்க முடியாது, போங்கய்யா!"

நான் அப்போது தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு, மதில் மேலாக, "நியூஸ் சார் கத்தறாரு, போடு போடு" என்று சத்தம் பறந்தது. திரும்பி வருவதற்குள் ஒன்பது கொட்டை. மறுநாள் லாரியும் வந்துவிட்டது. கேபிள் அண்ணன் சித்தப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "இன்னா கோவம் சார் உனக்கு! டெய்லி இப்டி ஒண்ணு வுடு."

தினமும் கோபத்துக்கு எங்கே போவது? தெரு விளக்குக்கு ஒருநாள் கத்தினார், சாக்கடைக்கு ஒருநாள், ரயில்வே கேட்டுக்கு ஒருநாள். கத்தலைக் குளியலறைக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். ஒத்திகை பார்த்த கோபம் ஜன்னல் வழியாகவே தெரிந்துவிடும் போல. ஒன்பது ஏழாயிற்று, ஏழு நாலாயிற்று. "சாக்கடையே எத்தினி நாளு பாப்பான்? மன்சாளப் பத்தி சொல்லு சார்" என்றார் கேபிள் அண்ணன். சித்தப்பா எழுந்து வீட்டுக்கு வந்து, காபி ஆற ஆற டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

அதற்கு முந்தின வாரம் பள்ளியில் எங்களைக் குன்றத்தூர் மலைக் கோவிலுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். படியில் பாதி ஏறும்போது, ஓர் ஓரமாகப் பச்சை கேட் வீட்டு அங்கிள் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பக்கத்தில் டிபன் கேரியர். அவர் மகள் அன்றைக்கு ஜுரம் என்று வரவில்லை. என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு, பிறகு சிரித்து, "ஆபீஸ் லீவும்மா" என்றார். கேரியரைத் திறந்து எனக்கு ஒரு கை எலுமிச்சம்பழச் சாதம் கொடுத்தார். மறுநாள் அவர் மகளிடம் விசாரித்தேன். அப்பாவுக்கு லீவே கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகூடச் சில நாள் ஓவர்டைம் போகிறார் என்றாள்.

இது ரகசியம் என்று எனக்குத் தெரியாது, சின்னப் பெண்தானே என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன். பொய். நன்றாகத் தெரியும். ரகசியம் என்பதால்தான் ஒரு வாரமாக அது வாயில் ஊறிக்கொண்டிருந்தது.

சித்தப்பா விசாரித்தார். கிண்டியில் அந்தக் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. "வேணாம்பா, பாவம்" என்றுதான் முதலில் சொன்னார். "பேரு சொல்லாத சார். பேரு சொல்லலன்னா இன்னா தப்பு கீது?" என்றார் கேபிள் அண்ணன். சித்தப்பா யோசித்தார். "நான் கம்பெனிக்காரனத்தான் திட்டப் போறேன்" என்று என்னிடம் சொன்னார், நான் என்னவோ நீதிபதி மாதிரி. பிறகு தலையை வாரிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் கத்தியதைப் போல என்றைக்கும் கத்தியதில்லை. ஒத்திகையே பார்க்கவில்லை. "நம்ம தெருவுல ஒருத்தர் தெனம் காலைல ரயிலுக்குக் கிளம்பறார். கையில டிபன் கேரியர். வீடு நம்புது, வேலைக்குப் போறாருன்னு. அவரு உக்காந்திருக்கறது எங்க தெரியுமா? குன்றத்தூர் மலைப் படியில! கிண்டில கம்பெனியப் பூட்டி அஞ்சு மாசம் ஆச்சு. பொண்டாட்டி புள்ளைங்க கிட்ட சொல்ல வாய் வராம ஒரு மனுஷன் படியில உக்காந்து சோறு திங்கறான். இதுக்கு யாருய்யா பதில் சொல்றது?" குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே அழுதார்.

தெரு முழுக்க அந்த ஒரே குரல். ஒரு ஜன்னலில் கேட்ட வார்த்தையின் மிச்சம் அடுத்த ஜன்னலில் கேட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பச்சை கேட்டுக்கு வந்தபோது பதிமூன்று கொட்டை சேர்ந்திருந்தது. கேட்டில் ஏறி எட்டிப் பார்த்தேன். அங்கேயும் சித்தப்பாதான். அங்கிள் நாற்காலியில். ஆன்ட்டி தரையில், மடியில் பாதி ஆய்ந்த முருங்கைக்கீரை. என் தோழியும் அவள் தம்பியும் சுவரோரம். நாலு பேரும் அசையவில்லை. அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சந்தோஷமாகக் கையாட்டினேன். அவள் ஆட்டவில்லை. எனக்கு நிற்க நேரமில்லை, ஓடினேன்.

"பதினாலுக்குப் பதினாலு!" என்று மேசையில் கொட்டினேன். கேபிள் அண்ணன் விசிலடித்தார்.

சித்தப்பா கோட்டுக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "பச்ச கேட் வீட்லயுமா?"

"ஆமா சித்தப்பா. நாலு பேரும் உக்காந்து முழுசாப் பாத்தாங்க. ஒருத்தரும் எழுந்திருக்கவே இல்ல."

அவர் என்னையே பார்த்தார். நம்பவில்லையோ என்று நினைத்து, கொட்டைகளை இன்னொரு தரம் எண்ணிக் காட்டினேன். அவர் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டு, லுங்கியோடு படியிறங்கிப் போய்விட்டார். கோட்டை எடுக்கக்கூடத் திரும்ப அந்த மாடிக்கு அவர் ஏறவில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் பாட்டுப் போட்டார்கள்.

அரைப்பரீட்சைக்கு முன்னாலேயே பச்சை கேட் வீடு காலியாயிற்று. எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. என் தோழி கடைசிவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெஞ்சில் மட்டும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு ரொம்ப நாள் சித்தப்பா மேல்தான் கோபம். பதினாலு வீடும் பார்த்த அன்றைக்கா ஒரு மனுஷன் விட்டுவிட்டு ஓடுவார்? எனக்குக் கல்யாணமாகி, என் ஹாலில் நாலு பேர் உட்காருகிற காலம் வந்த பிறகுதான் புரிந்தது. அந்த வீட்டில் ரிமோட் கிடையாது. சித்தப்பாவை நிறுத்த வேண்டுமென்றால் நாலு பேரில் யாராவது எழுந்து போய்த் திருக வேண்டும். எழுந்தவர், இது நம்மைப் பற்றித்தான் என்று மற்ற மூன்று பேர் எதிரிலும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால் கடைசிவரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டில் தொங்கிக்கொண்டு அதை ஒரு வீடு என்று எண்ணினேன்.