சுருளாத கொச்சி

என் மாமா ஒரு கொச்சிமிளகாய்ச் செடிக்காக என்னைக் கைவிட்டார். இப்படிச் சொன்னால் அம்மா இன்றைக்கும் சிரிப்பார். எட்டு வயதில் எனக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில் தங்கி, குண்டசாலையில் ஒரு விதைப் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போய்வந்தார். அந்த வருடம் வெள்ளை ஈ பரப்பிய நோயில் எங்கள் பின்வளவுக் கொச்சியெல்லாம் இலை சுருண்டு குறுகிப்போக, ஒன்று மட்டும் திமிராக நின்றது. அதன் விதையில் முளைப்பவையும் அப்படியே நின்றால் பண்ணையில் பயிரிட்டுப் பார்ப்பதாகவும், மாமாவின் வேலையை நிரந்தரமாக்குவதாகவும் பண்ணைப் பெரிய ஐயா வாக்குக் கொடுத்திருந்தார்.

அதோடு போச்சு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னைத் தேடி வந்தவர், இப்போது நேரே பின்வளவுக்குப் போனார். விரியப்போகும் மொட்டுகளுக்கு கட்டிலுக்கு மேலே கட்டும் நுளம்பு வலையில் தைத்த குட்டிப் பைகளை மாட்டி, முடிச்சுப் போட்டு, பார்த்துக்கொண்டே நிற்பார். என் பொம்மைக்கு ஒரு சட்டைகூடத் தைத்துத் தராத கை!

"டேய், பேசாம அதுக்கே தாலியக் கட்டிரு," என்றார் அம்மா.

"கட்டலாம் அக்கா. ஒங்க மகதான் விடமாட்டா போல. மொறைச்சிக்கிட்டே நிக்கிறா."

முறைத்தேன்தான். நோய்ப்பூச்சி அண்டாமல் இருக்கத்தான் பை என்று நானாகவே முடிவுகட்டினேன். பள்ளிக்கூட விடுமுறை வேறு. மாமா காலை பஸ் ஏறியதும் பைகளைக் கழற்றிவிட்டு, வெள்ளை ஈ வந்து அதை நாசமாக்கட்டும் என்று காத்திருப்பேன். பின்னேரம் அவர் வருமுன் மாட்டிவிடுவேன். பாழாய்ப்போன செடியில் ஒரு இலைகூடச் சுருளவில்லை. தேனீக்கள்தான் பக்கத்து வீட்டுக் கொச்சிக்கும் இதற்குமாகப் பறந்து திரிந்தன. அப்படி வேறு செடியின் மகரந்தம் கலந்து விதையின் இனம் கெடாமல் தடுக்கத்தான் பை என்பது வெகுகாலம் கழித்தே எனக்குத் தெரிந்தது.

காய் பழுத்தது. மாமா விதை எடுத்து, நாற்றுப்போட்டுப் பண்ணைக்குக் கொண்டுபோனார். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நாற்றில் பாதி சுருண்டுவிட்டதாம். ஐயா பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

"இது நோய் தாங்குற இனமே இல்ல போல. நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டேன், மருமகளே."

"ஆமா மாமா, நீங்கதான்," என்றேன்.

அவர் பின்வளவுக்குப் போய் அந்தச் செடியைப் பிடுங்கக் குனிந்தார். வேர் லேசில் வரவில்லை. மாமா எனக்கே திரும்பி வந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் நானும் ஓடிப்போய், முழுப் பலத்தையும் போட்டு அவரோடு சேர்ந்து இழுத்தேன்.