பதினான்காவது கால்

என் அக்காவின் படிப்பைக் கெடுத்தவன் நான். விரல்நீளம்கூட இல்லாத ஒரு கறுப்புச் சிப்பைத் திருப்பி வைத்துக் கெடுத்தேன். பிறகு அதைத் தொடவே இல்லை என்று பொய்யும் சொன்னேன்.

குடவாசலில் அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, அக்காவுக்குப் பதினேழு. தபாலில் வந்த ரேடியோ பாடங்களைப் படித்தே தெருவில் பாதி ரேடியோக்களைப் பேச வைத்திருந்தாள். எதிர்வீட்டுப் பாயம்மாவின் கணவர் துபாயில் இருந்தார். கடிதம் எழுதமாட்டார், கேசட்டில் பேசி அனுப்புவார். அவர் கொடுத்துவிட்டுப் போன டேப் ரெக்கார்டர் ஊமையாகிவிட, புதிதாக வந்த கேசட் கேட்க வழியில்லாமல் கிடந்தது.

"அவங்க பேசுறத ஒரு தடவ கேட்டுட்டாப் போதும் தங்கச்சி" என்று பாயம்மா பெட்டியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

உள்ளே இருந்த ஐ.சி. சிப் போய்விட்டதென்று அக்கா ஒரே நாளில் கண்டுபிடித்தாள். கும்பகோணத்தில் அது கிடைக்கவில்லை. அப்பா யாரிடமோ சொல்லி மெட்ராஸிலிருந்து ஒன்றே ஒன்று வரவழைத்தார். தஞ்சாவூர் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிடும்படி அக்கா மாதக்கணக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். "இதைப் பேச வையி. ஃபாரத்தை நானே போய் வாங்கிட்டு வர்றேன்" என்றார் அப்பா.

சிப்புக்குப் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு கால். ஒரு முனையில் அரைவட்டமாய் ஒரு வெட்டு. வெட்டு மேலே வரும்படி வைத்தால் இடது மேல்மூலையில் இருப்பது முதல் கால். இடப்பக்கம் இறங்கி வலப்பக்கம் ஏறி எண்ண வேண்டும். வலது மேல்மூலையில் பதினான்கு. கரண்ட் கொண்டுவரும் சிவப்பு ஒயர் அதற்குத்தான் போக வேண்டும். அக்கா நோட்டில் படம் போட்டு வைத்திருந்தாள். நான் கிட்டே போனதும், "டேய் இஞ்சினியரு, கைய வச்சே, ஈயத்தக் காய்ச்சி ஊத்திடுவேன்" என்றாள். பாயம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பெட்டிக்குள் இருந்த சர்க்யூட் பலகையின் சாக்கெட்டில் சிப்பைச் செருகிவிட்டு அவள் எல்லோரையும் கூப்பிடப் போனாள். நான் பலகையைக் கவிழ்த்து, ஈயம் வைத்த பக்கத்தில் எண்ணினேன். சிவப்பு ஒயர் முதல் காலில் இருந்தது! அக்கா தப்புப் பண்ணிவிட்டாள். சிப்பை இரண்டே விதமாகத்தான் செருக முடியும். ஒன்று தப்பென்றால் மற்றது சரி. நெம்பி எடுத்துத் திருப்பிச் செருகினேன். பெட்டி பேசியதும் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

எல்லாரும் வந்து நிற்க, அக்கா ஸ்விட்சைப் போட்டதும் சுருளாகப் புகை வந்தது. பாயம்மா கேசட்டை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அக்கா குனிந்து பார்த்தாள். வெட்டு எதிர்ப்பக்கம் இருந்தது.

"நான் சரியாத்தாம்பா வச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார்.

"நான் தொடவே இல்லப்பா. அக்காதான் மாத்தி வச்சிருக்கும்."

ஃபாரம் வரவில்லை. அக்கா ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்ன் பரணுக்குப் போனது. நாலைந்து வருடம் கழித்து இஞ்சினியரிங் சேர்ந்தது நான். கீழிருந்து பார்த்தால் கால்களின் வரிசை இடவலம் மாறும் என்று முதல் வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை. லீவுக்கு வந்தபோது அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அப்பா போய்ப் பல வருடங்களாகி, எனக்கு அறுபது தாண்டிய பிறகுதான் சொன்னேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கவுத்துப் போட்டு எண்ணினியா?" என்று உடனே கேட்டாள். எனக்கு ஒரு கல்லூரி தேவைப்பட்ட விஷயம் அது. "அப்ப நான் வச்சது சரிதானா?"

"சரிதாங்க்கா."

"அப்பா இருக்கையில சொல்லியிருக்கலாம்லடா" என்றாள். கை கீரையை விட்டு நகரவில்லை.

அடுத்த மாதம் ஒரு பலகை, ஒரு புதுச் சிப், பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் வாங்கிப்போய் அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடக்கூட இல்லை. நகத்தால் வெட்டைத் தடவிப் பார்த்துச் சிப்பைச் செருகினாள். சரியாக இருந்தது. அன்று புகைந்தது ஒரு சிப் மட்டும்தான் என்று அந்தப் பதின்மூன்று வயதில் நான் நினைத்திருந்தேன். ஸ்விட்சைப் போடுக்கா என்றேன். கையை இழுத்துக்கொண்டாள். பலகையை என் பக்கம் நகர்த்தி, "நீ ஒரு தடவ எண்ணிப் பாத்துடுடா" என்றாள்.