மூன்று சாமியும் பதினேழாவது பொருளும்

கடவுளை ஏற்பாடு செய்வதும் அரசாங்க உத்தியோகத்தில் ஒரு வேலை என்று, சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்குப் படித்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நாற்காலி போட்டு, மைக் கட்டி, டீ சொல்லி, கடைசியில் திட்டும் வாங்கிக்கொண்ட அனுபவஸ்தர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம் சொன்னால்தான் எனக்கும் மனசு ஆறும்.

தொண்ணூற்றொன்று பிறந்த சமயம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நான் உதவியாளர். மாதாந்திரக் கூட்டம் என் தலையில். எங்கள் உறுப்பினர்கள் தங்களைச் சட்டசபை என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு தடவை மேஜையிலிருந்து பேப்பர் வெயிட் பறந்து போய்ச் சுவர்க்கடிகாரத்தை உடைத்துவிட்டது. சேர்மன் நல்ல மனிதர், ஆனால் ரத்தக்கொதிப்புக்காரர். பெரிய சபைகளில் எல்லாம் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் சட்டம் போடுகிறார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து எங்களுக்கும் சர்வசமயப் பிரார்த்தனை.

வல்லக்கோட்டையிலிருந்து ஒரு குருக்கள், மாதா கோயில் உபதேசியார், பஜார் பள்ளிவாசல் ஹஜ்ரத். மூவரையும் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. எல்லாரும் செருப்பை வாசலில் விட வேண்டும். கண்ணை மூடி நிற்க வேண்டும். குருக்கள் முடித்ததும் அரோகரா, உபதேசியார் முடித்ததும் ஆமென், ஹஜ்ரத் முடித்ததும் ஆமீன் என்று ஒருவர் விடாமல் குரல் கொடுக்க வேண்டும். வேப்பமரத்தடியில் மனுவோடு காத்திருக்கும் ஜனங்களும் கேட்கட்டும் என்று வெளியே குழாய் ஸ்பீக்கர் ஒன்றும் கட்டச் சொன்னார் சேர்மன். யார் குரல் ஓங்கிக் கேட்கிறதோ அவருக்கு ஓட்டு என்பதுபோல ஒவ்வொருவரும் தொண்டை கிழியக் கத்துவார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் அலுவலகத்தைப் பெருக்கி, கூட்டத்துக்கு ஜமுக்காளம் விரிக்கும் எல்லம்மாவுக்காக. அவள் ஊர் சித்தேரிமேடு, பிள்ளைப்பாக்கத்துக்கு அந்தாண்டை. ஊருக்கு ஒரு கைப்பம்பு ஒதுக்கியிருந்தார்கள். அதை மேட்டுத் தெருவில் போடுவதா, ரோட்டோரம் போடுவதா என்பதில் தகராறு. ரோட்டோரம் என்றவர் உறுப்பினர் ஏகாம்பரம். அங்கே அவர் மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார். மேட்டுத் தெருப் பெண்கள் ஏரிக்குழியில் இறங்கி மொண்டுகொண்டு வந்தார்கள். எல்லம்மா மகன் மூர்த்திக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் ஏரிக்குழியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். பம்பு விவகாரம் அஜெண்டாவில் பதினேழாவது பொருள். எங்கள் கூட்டம் பத்தாவது பொருளைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

யார் முதலில்?

முதல் மாதமே சண்டை, சாமிகளுக்குள் இல்லை, உறுப்பினர்களுக்குள். எந்தப் பிரார்த்தனை முதலில் என்று. ஒருவர் மக்கள்தொகைப்படி என்றார். ஒருவர் அகர வரிசைப்படி என்றார். இன்னொருவர் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார்; சாமியைச் சீட்டில் எழுதுவதா என்று அதற்கொரு சண்டை. வந்த மூன்று பெரியவர்களும் என் மேஜை பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் மூட்டுவலிக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஹஜ்ரத் சிரித்தார். "என்னைக் கடைசியாப் போடுங்க சார். டீ வர்ற நேரம், அப்பத்தான் எல்லாரும் முழிச்சிகினு இருப்பாங்க."

வன்மையான எதிர்ப்பு

வல்லக்கோட்டைக் குருக்களுக்கு நல்ல சாரீரம். பாட ஆரம்பித்தால் நிறுத்த மனசு வராது. அவருக்கும், சங்கோஜத்தால் எங்களுக்கும். ஒரு மாதம் மின்விசிறியும் ஓடவில்லை. கண்ணை மூடி நின்ற ஏகாம்பரம் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். பாட்டு முடிந்து எல்லாரும் "அரோகரா" என்று முழங்கியதும் திடுக்கிட்டு விழித்தவர், பழக்கதோஷத்தில் கையை உயர்த்தி, "தலைவர் அவர்களே, இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன்!" என்றார்.

ஸ்பீக்கர் வழியாக வேப்பமரத்தடி முழுக்கக் கேட்டுவிட்டது. வெளியே ஒரே சிரிப்பு. ஏகாம்பரத்துக்கு ரோஷம் வந்து, சிரித்தவன் எவன் என்று விசாரணை நடந்து, அதிலேயே கூட்டம் கலைந்தது. நான் குருக்களிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எதிர்க்கட்டும் சார். எங்க முருகன் சூரனையே பார்த்தவர்."

வெளிநடப்பு

வெளிநடப்பு என்றால் விறுவிறுவென்று போக வேண்டும். அதில்தான் அதன் கம்பீரம். பிரார்த்தனை வந்தபிறகு எங்கள் ஒன்றியத்தில் அந்தக் கம்பீரம் போய்விட்டது. ஏழாவது பொருளில், ஏதோ கல்வெட்டில் யார் பெயர் மேலே என்ற விவகாரத்தில், ஏகாம்பரம் கட்சியார் கோஷம் போட்டுக்கொண்டு வெளியேறினார்கள். வாசலுக்கு வந்ததும் கோஷம் நின்றது. எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள். எல்லாம் ஒரே மாதிரிச் செருப்பு. ஏகாம்பரம் அவசரத்தில் சேர்மன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சேர்மன் கோபத்தில் வேறு செருப்பைத் தொட மாட்டேன் என்று வெறுங்காலோடு ஜீப்பில் ஏறினார்.

பாதிப் பேர் போனபிறகு கூட்டம் நடத்தத் தேவையான கோரம் ஏது? கூட்டம் ஒத்திவைப்பு. எல்லம்மா ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். "இன்னா சார், நம்ம பம்பு வந்துச்சா?" இல்லை என்று தலையை ஆட்டினேன். வாசலில் இன்னும் இரண்டு பேர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "செருப்பு தேடுற நேரத்துல எங்க பம்ப முடிச்சிருக்கலாமே சார்."

பொதுவான பிரார்த்தனை

பிரார்த்தனை பொதுவாக இருக்க வேண்டும், ஊர் பேர், ஆள் பேர் வரக்கூடாது என்பது சேர்மன் உத்தரவு. உபதேசியார் பயந்த சுபாவம். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை, பேசினால் பக்கத்து ஆளுக்கே கேட்காது. ஒரு மாதம் அவர், "ஆண்டவரே, இந்தச் சபையில் அடுத்தவர் நிலத்தின் மேல் ஆசைப்படுகிற இருதயத்தைத் தொட்டருளும்" என்று வேண்டினார். அவ்வளவுதான். கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்தார்கள். "என்னைத்தானே சொன்னாரு? யாரு சொல்லிக் குடுத்தது?" என்று ஆளாளுக்கு ஒரே கேள்வி.

கடைசியாக வந்தவர் எங்கள் சேர்மன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் உபதேசியாரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் யாரு பேரும் சொல்லலையே சார். அவங்களாத்தான் கை தூக்கிட்டாங்க."

கடைசிக் கூட்டம்

உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிய வந்துவிட்டது. இனித் தனி அலுவலர் ஆட்சி. அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. தீர்மானம் ஆகாத பொருள் எல்லாம் பரணுக்குப் போய்விடும். அந்த வாரம்தான் சோமங்கலத்துப் பக்கமிருந்து மூர்த்தியைப் பார்க்க வந்தவர்கள், பையனைப் பிடித்திருக்கிறது, தண்ணீர் வசதி வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். கூட்டத்தன்று எல்லம்மா பெஞ்சருகே உட்கார்ந்து உபதேசியாரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சித்தேரிமேட்டிலிருந்து பத்துப் பெண்கள் வந்து வேப்பமரத்தடியில் காலிக் குடத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். நான் கவனித்தும் கவனிக்காதது போல அஜெண்டாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. இவர்களை ஏன் வரச் சொன்னாள் என்று எரிச்சல்கூட.

குருக்கள் பாடி முடித்தார். அரோகரா. உபதேசியார் மைக் முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் குரல் கேட்டது.

"ஆண்டவரே, சித்தேரிமேட்டுப் பெண்கள் ஏரிக்குழியில் இறங்கித் தண்ணீர் மொள்ளுகிறார்கள். அந்த மேட்டுத் தெருவிலேயே, வேறெங்குமில்லை, அங்கேயே ஒரு கைப்பம்பு கொடுக்க இந்தச் சபையார் இன்றைக்கு மனம் வைக்கும்படி வேண்டுகிறோம்."

ஊர் பேர் சொன்னதோடு தெருப் பேரும் சொல்லிவிட்டார்! ஏகாம்பரம் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அப்போது வெளியே வேப்பமரத்தடியிலிருந்து வந்தது, "ஆமென்!" என்று. எப்போது வெளியே போனாளோ, மாதா கோயில் வாசலை மிதித்திராத எல்லம்மாவின் குரல்தான் முன்னால். மற்றப் பெண்களும் கூடவே. அதன்பிறகு உள்ளே ஒவ்வொருவராக ஆமென் சொன்னார்கள். ஏகாம்பரம் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். வாசல் வழியாக அந்தப் பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "ஆமென்" என்றார், கொஞ்சம் பிந்தி, ஆனால் மைக்கில் விழும்படி. ஹஜ்ரத் வந்தார். இரண்டு கையையும் ஏந்தி, அதே பம்பு, அதே தெரு. ஆமீன். தன் முறை முடிந்து உட்கார்ந்திருந்த குருக்கள் எழுந்து இன்னொரு அரோகரா போட்டார்.

சேர்மன் உட்காரவேயில்லை. "பதினேழாவது பொருள முதல்ல எடுக்கிறோம். மூணு சாமி முன்னாடியும் ஒத்துகினீங்க. யாருக்காவது ஆட்சேபணை கீதா?" யாருக்கும் இல்லை. தீர்மானத்தை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை. வெளியே வரும்போது ஏகாம்பரம் என் தோளில் கையைப் போட்டார். எதிர்ப்பீர்கள் என்றல்லவா நினைத்தேன் என்றேன்.

"இன்னா சார் நீ? அத்தினி பேரு கேட்டுகினு கீறாங்க. ஆமென் சொல்லலன்னா, நாளைக்கு மாதா கோயில் தெருவுக்கு ஓட்டு கேக்க எந்த மூஞ்சிய வச்சிகினு போவேன்?"

பத்திரிகை

தனி அலுவலர் வந்ததும் பிரார்த்தனையை நிறுத்தினார்; ஸ்பீக்கர் குழாய் ஸ்டோர் ரூமில் ஒட்டடை பிடித்தது. ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். மேட்டுத் தெருவில் பம்பு இறங்கியது. ஆடி கழிந்து ஒருநாள் எல்லம்மா மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையை என் மேஜையில் வைத்தாள். சோமங்கலத்துப் பெண்தான். பம்பை அடித்துப் பார்த்து, வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் தட்டு மாற்றினார்களாம். முதல் பத்திரிகையை எந்தச் சாமிக்கு வைத்தாய் என்று கேட்டேன்.

"எது குடுத்ததுன்னு தெரியலையே சார். அதான் குருக்கள், உபதேசியாரு, ஹஜ்ரத்து, மூணு பேரு வூட்டுக்கும் போய் வச்சிட்டு, கடைசியா ஏகாம்பரத்துக்கும் ஒண்ணு வச்சேன். அவரும் ஆமென் சொன்னாரு இல்ல?"

மாதக்கணக்கில் கண்ணைத் திறந்து வைத்துப் பேசித் தீராதது ஒரு நிமிஷம் கண்ணை மூடியதும் தீர்ந்துபோனதால், இன்றைக்கும் எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் நான் முதல் வேலையாகக் கண்ணை மூடிக்கொள்கிறேன்.