மேடையில் பின்னோக்கி நடந்த அருள்மேரி அக்கா

அருள்மேரி அக்கா போய்விட்டார் என்பதை இப்போது மும்பையில் மாடலாக இருக்கும் தேன்மொழிதான் போனில் சொன்னாள். கடலூர் முதுநகரில் நடந்த சாவு, சிதம்பரத்தில் இருக்கும் எனக்கு மும்பையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. அக்கா கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நாங்கள் இருவரும் அழுதோம். ஆனால் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.

உங்களில் பலருக்கு அக்கா கல்யாண வீடியோக்காரர். இருபது வருடம் சர்ச் கல்யாணம், கோயில் கல்யாணம் என்று எதையும் விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகு, ஃபேஷன் ஷோ சீசனில் ஊர் ஊராக ஓடும் மாடல் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கக் கிளம்பினார். "மேடையில ஒரு நிமிஷம்தான்டா நடக்குதுங்க. மிச்ச நேரமெல்லாம் என்னா பண்ணுதுங்கன்னு யாரு பாத்தா?" என்று சொல்லி, ஒலிப்பதிவுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண்களில் ஒருத்திதான் குறிஞ்சிப்பாடித் தேன்மொழி. அப்பா மினி பஸ் டிரைவர். இவள் இந்த வேலைக்குப் போனதிலிருந்து இரண்டு வருடமாக அவர் மகளோடு பேசவில்லை. "படத்த எங்கப்பா பாக்கணுங்க்கா. பாத்துட்டும் பேசலன்னா இனிமே நான் ஊருக்கே வரமாட்டேன்" என்றாள். அக்கா அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

சென்னையில் ஒரு ஷோவுக்கு ஒத்திகை. கேமரா கீழேதான் நிற்க வேண்டும் என்று ஷோ நடத்துபவர்கள் தலைபாடாய் அடித்துக்கொண்டார்கள். இசை தொடங்கியது. தேன்மொழி முகத்தை இறுக்கிக்கொண்டு நடந்து வந்தாள். மணப்பெண் வருவதைப் பார்த்த பழக்கம் அக்காவை விடுமா? தாவி மேடையேறி, அவளுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே, "லேசா சிரிம்மா, மாப்பிள்ள பக்கம் பாரு!" என்றார். தேன்மொழி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டாள். மேடை முடிந்தது அக்காவுக்குத் தெரியவில்லை. கீழே நின்று அவரைத் தாங்கிப் பிடித்தவன் நான். என் மைக் உடைந்தது, எங்களை வெளியே அனுப்பினார்கள். "போவட்டும்டா, ஷாட்டு வந்துருச்சில்ல?" என்றார்.

படம் முடிந்ததும் முதலில் தங்கள் ஊரில் திரையிடச் சொல்லிப் பெரிய ஊர்களில் கேட்டார்கள். அக்கா மசியவில்லை. "கல்யாண ஆல்பத்த மொதல்ல பொண்ணு வூட்டுக்குத்தான் காட்டுவேன்" என்றார். குறிஞ்சிப்பாடியில் போட்டால் தேன்மொழியின் அப்பாவுக்குக் கூச்சமாக இருக்கும் என்று, சிதம்பரத்தில் சின்ன மண்டபமாகப் பிடித்தார். மூன்று முறை வீட்டுக்கே போய், "புடிக்கலன்னா பாதியில எழுந்து போயிடுங்கண்ணே, நானே பஸ் ஏத்தி வுடுறேன்" என்று டிரைவரிடமே சொல்லி அழைத்தார்.

அவர் வந்தார். உட்காரவில்லை, கதவோரமாக நின்றே பார்த்தார். மேடைக்குப் பின்னால் தேன்மொழி குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, மறுபடி அதே உயரச் செருப்புக்குள் காலைத் திணிக்கும் காட்சி வந்தது. அவள் சிரிக்கும் காட்சிக்கு மண்டபமே சிரித்தது. அவர் அசையவில்லை.

விளக்கு போட்டதும் முன்வரிசையில் இருந்த மகளிடம் நேராகப் போனார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"அவ்ளோ ஒசரத்துல நடக்கிறியே, காலு என்னாத்துக்கு ஆவும்?"

"பழகிடுச்சிப்பா."

"காட்டு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் சட்டென்று பக்கத்திலிருந்த கேமராவைத் தூக்கினேன். அக்கா உள்ளங்கையால் லென்ஸை மூடினார். "வேணாண்டா. இது அவுங்க வூட்டு விஷயம்" என்று என்னையும் சுவர்ப் பக்கம் திருப்பி நிற்க வைத்தார். ஷாட்டுக்காக மேடையிலிருந்தே விழுந்த மனுஷி, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதார், சிரித்தார், என் சட்டையில் மூக்கைத் துடைத்தார்.

அக்கா எடுத்தவையெல்லாம் உங்கள் வீடுகளில் இருக்கும். எனக்கு மிஞ்சியது அந்தக் கைதான். இன்றைக்கும் படப்பிடிப்பில் யாராவது மனம் உடைந்து அழுதால் என் கை தானாகப் போய் லென்ஸை மூடிவிடுகிறது. தயாரிப்பாளர்கள் திட்டுகிறார்கள். திட்டட்டும்.